டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தை வாந்தி எடுத்தால் இன்சுலினை நிறுத்தலாமா? பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

குழந்தை வாந்தி எடுக்கிறது. காலையிலிருந்து அரை இட்லிகூட உள்ளே தங்கவில்லை. இன்சுலின் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. போடுவதா, விடுவதா?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்போதாவது வந்தே தீரும். "எதுவுமே சாப்பிடலையே, ஊசி போட்டா சுகர் ரொம்ப இறங்கிடுமே" என்று தாத்தா பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், இந்த யோசனையை நம்பி இன்சுலினை நிறுத்துவது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இதற்கான பதில் ஒரே வரிதான்: இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், கூட்ட வேண்டி வரலாம்; முழுவதுமாக நிறுத்தவே கூடாது.

ஏன் அப்படி, எப்போது குறைப்பது, எப்போது கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாப்பிடாத குழந்தைக்கு இன்சுலின் எதற்கு?

இன்சுலின் சாப்பாட்டுக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில், பட்டினி கிடந்தாலும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். சாப்பாடு வராதபோது கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சர்க்கரை செல்களுக்குள் போக இன்சுலின் தேவை.

காய்ச்சல், தொற்று போன்ற நேரங்களில் உடல் சில ஹார்மோன்களை அதிகம் சுரக்கும். அவை சர்க்கரையை ஏற்றும். அதனால்தான் ஒரு வாய்கூட சாப்பிடாத குழந்தைக்கும் சுகர் 300, 400 என்று காட்டுகிறது.

இன்சுலின் இல்லையென்றால் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் கழிவுப் பொருள்தான் கீட்டோன். இது அமிலத்தன்மை கொண்டது. ரத்தத்தில் சேரச் சேர குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். வாந்தியாலும் அதிக சிறுநீராலும் உடலில் நீர் வற்றும். நீர் வற்றினால் கீட்டோன் இன்னும் வேகமாக ஏறும். சில மணி நேரத்திலேயே இது 'டயாபடிக் கீட்டோ அசிடோசிஸ்' என்ற அவசர நிலையாக மாறிவிடலாம். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக டி.கே.ஏ. என்பார்கள்.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் டைப் 1 வந்த குழந்தைகள் பெரும்பாலும் இந்தக் கீட்டோன் மயக்கத்தில்தான் இறந்தார்கள். இன்றும் இன்சுலினை நிறுத்தினால் உடல் அதே பாதையில்தான் போகும்.

வாந்திக்கு என்ன காரணம்?

டைப் 1 குழந்தைக்கு வாந்தி வந்தால் மூன்று காரணங்களை யோசிக்க வேண்டும்.

1. வயிற்றுத் தொற்று, கெட்டுப்போன உணவு, காய்ச்சல். மற்ற குழந்தைகளுக்கு வருவது போன்ற வாந்திதான். பெரும்பாலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும்.

2. இன்சுலின் போதாமை. ஊசி விட்டுப்போயிருக்கலாம், வெயிலில் மருந்து கெட்டிருக்கலாம், பம்ப் வைத்திருந்தால் குழாய் மடங்கியிருக்கலாம். இங்கே கீட்டோன் முதலில் ஏறியிருக்கும். வாந்தி அதன் விளைவு.

3. சுகர் மிகவும் இறங்கிப்போவது. சில குழந்தைகளுக்கு இதுவும் குமட்டலைத் தரும்.

முதல் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனாலும் சில துப்புகள் உண்டு. சாதாரண வாந்தியில் உடலில் நீர் குறையும்போது குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்துவிடும். சுகர் ஏறியிருக்கும் குழந்தையோ, நாக்கு வறண்டு கிடந்தாலும் அடிக்கடி சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். வயிற்றுப்போக்கு இல்லாமல் வாந்தி மட்டும் இருந்தாலும் கீட்டோனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

'நேற்று சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கல' என்று முடிவு கட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். கீட்டோன் இல்லை என்று தெரியும்வரை, டைப் 1 குழந்தையின் வாந்தியைக் கீட்டோன் வாந்தி என்றே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

முதலில் என்ன சோதனை?

குளுக்கோமீட்டரில் சுகர் பாருங்கள். பிறகு கீட்டோன் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும். சுகரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், கீட்டோனை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். இரவிலும் எழுந்து பார்க்க வேண்டும். எண்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். டாக்டரிடம் பேசும்போது அந்தத் தாள்தான் உதவும்.

கீட்டோனைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் மீட்டர். இது துல்லியமானது, ஆனால் ஸ்ட்ரிப் விலை அதிகம். இன்னொன்று, சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப். இது மலிவு. ஆனால், சிறுநீர் காட்டுவது சில மணி நேரம் முந்தைய நிலவரத்தை. உடல் தேறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கீட்டோன் இருப்பதாகவே அது காட்டலாம்.

ரத்தக் கீட்டோன் அளவை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

- 0.6-க்குக் கீழ்: இயல்பு.
- 0.6 முதல் 1.5 வரை: கவனம் தேவை. டாக்டரிடம் பேசுங்கள்.
- 1.5 முதல் 3 வரை: டி.கே.ஏ. வரும் ஆபத்து உண்டு. உடனே நடவடிக்கை வேண்டும்.
- 3 அல்லது அதற்கு மேல்: மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிறுநீர் ஸ்ட்ரிப்பில் இரண்டு பிளஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால், அதையும் ஆபத்தான அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுகரும் கீட்டோனும் ஏறியிருந்தால்

சுகர் 250-க்கு மேல், கீட்டோனும் இருக்கிறது என்றால் உடலுக்கு இன்சுலின் போதவில்லை என்று பொருள். இங்கே வழக்கமான இன்சுலினோடு கூடுதல் டோஸும் தேவைப்படும்.

கூடுதல் டோஸுக்கு மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான கணக்கு இது: குழந்தை ஒரு நாளில் போடும் எல்லா இன்சுலினையும் கூட்டி, அதில் 10 சதவீதம். கீட்டோன் 1.5-ஐத் தாண்டினால் 10 முதல் 20 சதவீதம் வரை. நாளொன்றுக்கு மொத்தம் 20 யூனிட் போடும் குழந்தைக்கு இது 2 முதல் 4 யூனிட் ஆகும். உடனே வேலை செய்யும் இன்சுலின் அல்லது ரெகுலர் இன்சுலின்தான் இதற்குப் பயன்படும். நீண்ட நேர இன்சுலின் அல்ல.

உங்கள் குழந்தைக்கான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரெகுலர் இன்சுலின் உடலில் பல மணி நேரம் வேலை செய்யும். முந்தைய டோஸ் இறங்குவதற்குள் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சுகரைத் திடீரென இறக்கிவிடும். அதனால் இடைவெளியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுகர் குறைவாக இருந்தால்

வயிற்றுப்போக்குடன் வரும் வாந்தியில் சுகர் இறங்குவதும் நடக்கும். இங்கே இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டும். பொதுவாக 20 முதல் 50 சதவீதம் வரை குறைக்கச் சொல்வார்கள். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு.

சுகர் 70-க்குக் கீழ் போனால் முதலில் சர்க்கரை கொடுங்கள். சிறு குழந்தைக்கு 1 அல்லது 2 டீஸ்பூன், பெரிய பிள்ளைக்கு 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தேன், பழச்சாறும் ஆகும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

எதைக் கொடுத்தாலும் வாந்தியாகிறது, சுகரும் ஏறவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நிலைக்காகச் சிறிய அளவில் போடும் குளுக்ககான் ஊசி உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு போடுவது என்று குழந்தை நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள்.

சுகர் சாதாரணம், கீட்டோன் மட்டும் இருந்தால்?

மீட்டரில் 130 காட்டும். 'சுகர் நார்மல், பயமில்லை' என்று நிம்மதியாகிவிடுவோம். பலர் தடுமாறுகிற இடம் இதுதான்.

பட்டினியாலும் கீட்டோன் வரும். இப்போது குழந்தைக்குச் சர்க்கரையும் வேண்டும், இன்சுலினும் வேண்டும். சர்க்கரை கலந்த பானத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, டாக்டர் சொல்லும் அளவில் இன்சுலின் போட்டால்தான் கீட்டோன் அடங்கும். சர்க்கரை கொடுக்காமல் கூடுதல் இன்சுலின் மட்டும் போட்டால் சுகர் ஆபத்தாக இறங்கும். கீட்டோன் 3-ஐத் தொட்டால் சுகர் எவ்வளவு இருந்தாலும் மருத்துவமனைதான்.

எந்த இன்சுலினை என்ன செய்வது?

இந்தியாவில் எல்லாக் குழந்தைகளும் ஒரே வகை இன்சுலின் போடுவதில்லை.

நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் போடுபவர்கள் அதை விடாமல் போட வேண்டும். சுகர் குறைந்தால் மட்டும் அளவு குறையும். சாப்பாட்டு இன்சுலினை, குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பல குழந்தைகளுக்கு ரெகுலரும், பால் போல் கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலினும் கொடுப்பார்கள். என்.பி.எச். சில மணி நேரம் கழித்து உச்சத்தைத் தொடும் என்பதால், சாப்பிடாத நாளில் அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டும் ஏற்கெனவே கலந்து வரும் மருந்தில் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. அப்படிப் போடுபவர்கள் வாந்தி தொடங்கியதுமே டாக்டரை அழைப்பது நல்லது.

பம்ப் வைத்திருக்கும் குழந்தைக்கு உடலில் இன்சுலின் சேமிப்பு மிகக் குறைவு. சுகரும் கீட்டோனும் ஏறினால் பம்பை நம்பிக் காத்திருக்காமல் சிரிஞ்ச் அல்லது பேனா மூலம் ஊசி போட்டுவிட்டு, பிறகு குழாயை மாற்றுங்கள்.

குடிக்க என்ன கொடுப்பது?

ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தால் அப்படியே வெளியே வந்துவிடும். வாந்தி எடுத்ததும் 10 நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு ஒரு டீஸ்பூன், சில நிமிடம் கழித்து இன்னொன்று என்று கொடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இப்படிக் கொடுத்தால் தங்கும்.

- சுகர் அதிகமாக இருந்தால்: தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், தெளிந்த பருப்புத் தண்ணீர்.
- சுகர் 180-க்குக் கீழ் இருந்தால்: இளநீர், கஞ்சித் தண்ணீர், பழச்சாறு, சர்க்கரைத் தண்ணீர்.

'ஓ.ஆர்.எஸ்.ல குளுக்கோஸ் இருக்கே, கொடுக்கலாமா?' என்று பலர் கேட்பதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அதில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். 200 மி.லி. குடித்தால் 3 கிராமுக்கும் குறைவு. ஆகவே சுகர் அதிகமாக இருக்கும்போதும் கொடுக்கலாம். அதேநேரம், இறங்கிய சுகரை ஏற்ற அது மட்டும் போதாது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பாதி, கால் என்று கண்ணளவில் பிரித்துக் கரைக்காதீர்கள். உப்பின் அளவு மாறிவிடும்.

அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். இந்த முறைப்படி இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. லேபிளில் உலக சுகாதார நிறுவன முறை என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

வாந்தி மாத்திரை கொடுக்கலாமா?

கீட்டோன் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். கீட்டோனால் வரும் வாந்தியை மருந்து போட்டு அடக்கினால், எச்சரிக்கை மணியை அணைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். உள்ளே அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும். வயிற்றுத் தொற்று என்று உறுதியானால் டாக்டரே ஒரு டோஸ் பரிந்துரைக்கலாம்.

எப்போது மருத்துவமனைக்கு?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- 2 மணி நேரத்துக்கு மேல் வாந்தி தொடர்கிறது, தண்ணீர்கூடத் தங்கவில்லை.
- கீட்டோன் 3 அல்லது அதற்கு மேல். அல்லது கூடுதல் இன்சுலின் போட்டும் குறையவில்லை.
- மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. வாயில் அழுகிய பழம் போன்ற வாசனை.
- கடுமையான வயிற்றுவலி.
- தூங்கித் தூங்கி விழுகிறது, பேச்சு குழறுகிறது.
- சுகர் 70-க்கு மேல் ஏறவே இல்லை.
- குழந்தைக்கு 5 வயதுகூட ஆகவில்லை, அல்லது வீட்டில் கீட்டோன் பார்க்க வழியில்லை.

மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தால், இந்த அறிகுறிகள் முற்றும்வரை காத்திருக்காதீர்கள். இருட்டுவதற்குள் கிளம்புவது நல்லது.

அங்கே போனதும் என்ன சொல்ல வேண்டும்?

'வாந்தி' என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட்டமான கிளினிக்கில் வாந்திக்கு ஓர் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. இன்சுலின் இல்லாத குளுக்கோஸ் டிரிப், சுகர் ஏறியிருக்கும் குழந்தைக்குக் கேடு.

முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "என் குழந்தைக்கு டைப் 1 டயாபடிஸ். இன்சுலின் போடுகிறோம். இத்தனை மணியிலிருந்து வாந்தி. கீட்டோன் இவ்வளவு. டி.கே.ஏ. இருக்கிறதா பாருங்கள்."

டி.கே.ஏ. உறுதியானால் முதலில் உப்பு நீர் டிரிப் ஏற்றுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து இன்சுலினைச் சொட்டுச் சொட்டாகத் தொடங்குவார்கள். பொட்டாசியமும் சேர்ப்பார்கள். "ஏன் இவ்வளவு மெதுவா ஏத்துறாங்க?" என்று பதற வேண்டாம். சிகிச்சையின்போது மூளை வீங்கும் ஆபத்து மிகச் சில குழந்தைகளுக்கு உண்டு, டி.கே.ஏ. மரணங்களுக்கு அதுவே முக்கியக் காரணம். அதனால்தான் இந்த நிதானம். சிகிச்சைக்கு நடுவே தலைவலி வந்தாலோ, குழந்தை குழப்பமாகப் பேசினாலோ உடனே நர்ஸை அழையுங்கள்.

சுகர் 250 - 300 அளவுக்கு இறங்கியதும் டிரிப்பில் குளுக்கோஸ் சேர்ப்பார்கள், இன்சுலினும் தொடரும். கீட்டோன் முற்றிலும் போகும்வரை இன்சுலின் தேவை என்பதுதான் காரணம்.

வீட்டில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

குளுக்கோமீட்டர், போதுமான ஸ்ட்ரிப், காலாவதி ஆகாத கீட்டோன் ஸ்ட்ரிப், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சர்க்கரை, தெர்மாமீட்டர், ஒரு புதிய இன்சுலின் குப்பி, டாக்டரின் எண். இவையெல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கூடவே 'உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வது' என்று உங்கள் டாக்டரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி வையுங்கள்.

இன்சுலின் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் புதிய குப்பியைத் திறங்கள். ஸ்கூட்டர் பெட்டியில் வெயிலில் இருந்தது, ஃப்ரீசரில் உறைந்தது இரண்டும் ஆகாது.

சிரிஞ்சில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. இந்தியாவில் பெரும்பாலான குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்; பேனாவில் போடும் கார்ட்ரிஜ்களில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் கார்ட்ரிஜ் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போய்விடும். இரவு நேர மருந்துக்கடையில் வாங்கும்போது இரண்டும் பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள்.

சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத வீடுகளில்

பல குழந்தைகளுக்கு டைப் 1 இருப்பதே முதல் டி.கே.ஏ.வில்தான் தெரியவருகிறது. சில வாரங்களாக அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பழக்கம் விட்ட பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, எடை குறைவது, பிறகு வாந்தி. இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் 'ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துப் பாருங்க' என்று சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். பரம்பரையில் யாருக்கும் இல்லாவிட்டாலும் டைப் 1 வரும்.

உதவி எங்கே கிடைக்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2022-ல் டைப் 1 சர்க்கரை நோய்க்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கேரளாவில் 'மிட்டாயி' திட்டத்தின் கீழ் டைப் 1 குழந்தைகளுக்கு இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் மாநிலத்தில் என்ன கிடைக்கும் என்று மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். இன்சுலின் கிடைத்தால் மட்டும் போதாது. சுகர் ஸ்ட்ரிப், கீட்டோன் ஸ்ட்ரிப் தருவார்களா என்றும் கேளுங்கள்.

வாந்தி நின்று, கீட்டோன் 0.6-க்குக் கீழ் வந்து, குழந்தை பசிக்கிறது என்று கேட்டால் கஞ்சி, குழைவான சோறு, இட்லி என்று தொடங்கலாம். இன்சுலின் அளவு பழைய நிலைக்குத் திரும்ப ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை சோதனையை நிறுத்தாதீர்கள். அன்று இரவும் ஒருமுறை எழுந்து சுகர் பாருங்கள்.